கோடு இறங்கும் வரை காத்திருந்த அக்காவுக்கு

இவ்வளவு பெரிய சட்டமா? இதை எந்தச் சுவரில் மாட்டுவது? கூடத்தில் மாட்டினால் வருகிறவர்கள் எல்லாம் நின்று படிப்பார்கள். அவர்கள் படித்து முடிக்கிறவரைக்கும் நான் எங்கே பார்த்துக்கொண்டு நிற்பது? படுக்கையறையில் மாட்டினால் அவர் தினமும் காலையில் குரலை உயர்த்தி வாசித்துக் காட்டிக் கேலி செய்வார். ஆணி அடித்தால் வீட்டுச் சொந்தக்காரம்மா சண்டைக்கு வருவாள். பேசாமல் பீரோவுக்குப் பின்னால் நிற்க வைத்துவிடலாம். கண்ணாடி உடையாமல் வீடு போய்ச் சேர்ந்தால் சரி.

பதிவறையின் பொறுப்பே! பொறுமையின் பொலிவே! புரியும் வரை பேனா திறவாத பெருந்தகையே! முப்பத்தொரு ஆண்டுகள் எங்களோடு உழைத்து, எங்கள் எழுத்துக்கெல்லாம் கண்ணாக இருந்து, இன்று விடைபெறும் எங்கள் அன்பு அக்கா! முதல் பத்தியில் இருப்பவை உங்கள் மனதில் இந்த நிமிடம் ஓடுபவை. ஊகம்தான். ஆனால் நேற்று மதியம் இந்த மடலை உங்களிடம் காட்டியபோது அந்த வரிகளைப் படித்துவிட்டு நீங்கள் மறுக்கவில்லை. "பீரோவுக்குப் பின்னால இடம் இல்ல, கட்டிலுக்கு அடியிலதான்" என்று திருத்தம் மட்டும் சொன்னீர்கள். ஆகவே அதை அப்படியே விட்டுவைத்தோம்.

முன்வரிசையில் உங்கள் கணவரும் மகளும் மருமகனும் உட்கார்ந்திருக்கிறார்கள். அம்மா அந்த ஆபீஸில் என்னதான் வேலை பார்த்தாள் என்பது இன்றுவரை தனக்குச் சரியாகத் தெரியாது என்று மகள் வாசலில் எங்களிடம் சொன்னார். அவர்களுக்காகச் சில செய்திகளை முதலிலிருந்து சொல்ல அனுமதியுங்கள். உங்களுக்குத் தெரிந்ததையே உங்களிடம் சொல்லும் குற்றத்தைப் பாராட்டு மடல்களுக்கு மன்னிப்பது வழக்கம்.

நம் கட்டடத்தின் தரைத்தளத்தில் செய்பவை பிரிப்புக் கருவிகள். மருந்து செய்கிறவர்களும் தண்ணீரைச் சோதிக்கிறவர்களும் வாங்குபவை. பொடி நிறைத்த மெல்லிய எஃகுக் குழாய் வழியே ஒரு கலவையை அழுத்தித் தள்ளினால், அதில் கலந்து கிடக்கும் பொருள்கள் ஒன்றன்பின் ஒன்றாக வெளியே வரும். ஒவ்வொன்றும் வரும்போது திரையில் ஒரு கோடு குன்றுபோல் ஏறி இறங்கும். ஒரு குன்றுக்கு ஒரு சோதனைக் குழாய் என்று பிடித்துவைத்தால் கலவை பிரிந்துவிட்டது. மேல்தளத்தில் செய்பவை வேறு. கடைக்காரரின் உள்ளங்கையில் அடங்கும் பணம் வாங்கும் பெட்டிகள். கார்டையோ போனையோ பக்கத்தில் காட்டினால் கணக்கிலிருந்து பணம் போய்ச் சேரும். இரண்டு தளங்களுக்கும் நடுவே பதினேழு படிகள். அந்தப் படிகள் முடியும் இடத்தில் இடப்பக்கம், ஜன்னலோரம், உங்கள் மேசை.

இருபத்தேழு வயதில் நீங்கள் சேர்ந்தது தரைத்தளத்தில், குழாய்களுக்குப் பொடி நிறைக்கும் அறையில். முகமூடிக்கு மேலே புருவம் மட்டும் வெளுத்துப்போய், முதல் வருடத்திலேயே கிழவியானவள் என்று உங்களைக் கேலி செய்தார்களாம். ஐந்து ஆண்டுகள் கழித்து இருமல் விடாததால் பதிவறைக்கு மாற்றினார்கள். உட்கார்ந்து செய்யும் வேலை, கையெழுத்துப் போடும் வேலை, ஓய்வாக இருக்கும் என்று சொல்லித்தான் மாற்றினார்கள். பிற்பாடு அதற்காக வருத்தப்பட்டவர்கள் பலர்.

புதிதாக எதைச் செய்து பார்த்தாலும் எழுதிவைக்கும் நம் நோட்டுகளில் ஒவ்வொரு பக்கத்திலும் இரண்டு கட்டங்கள் உண்டு. மேல்கட்டத்தில், அந்த வேலையைச் செய்தவர் கையெழுத்திட வேண்டும். கீழ்க்கட்டத்தில், அந்த வேலையில் பங்கே இல்லாத ஒருவர் அதைப் படித்துப் பார்த்துக் கையெழுத்திட வேண்டும். "படித்தேன், புரிந்துகொண்டேன்" என்று அங்கே அச்சிட்டிருக்கும். நாளைக்கு வேறு யாராவது வந்து இதை நாங்கள்தான் முதலில் கண்டுபிடித்தோம் என்று சொன்னால், அந்தக் கீழ்க்கட்டம்தான் நமக்குச் சாட்சி. உங்களுக்கு முன்னால் இருந்தவர்கள் அந்தக் கட்டத்தில் டீ குடித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டார்கள். நீங்களோ அச்சிட்டிருந்த இரண்டு சொற்களையும் நம்பிவிட்டீர்கள். படித்தீர்கள். புரியாவிட்டால் நோட்டைத் திருப்பி நீட்டி ஒரே வார்த்தை சொன்னீர்கள்: "புரியலை."

அதனால் உங்களுக்கு வந்த பெயர் புரியலையக்கா. அது உங்கள் காதில் விழாமல் இத்தனை ஆண்டுகள் பார்த்துக்கொண்டோம் என்று நாங்கள் நினைத்திருந்தோம். போன மாதம் தொலைபேசியில் யாரிடமோ நீங்களே, "புரியலையக்காதான் பேசறேன், சொல்லுங்க" என்றீர்கள். அந்த அறையில் இருந்தவர்களின் முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்.

தரைத்தளத்தில் பம்பு செய்கிறவர் ஒருமுறை நான்கு பக்கம் எழுதிக்கொண்டு வந்தார்.

"என்னக்கா புரியலை? பச்சைப்பிள்ளைக்குச் சொல்ற மாதிரி எழுதியிருக்கேனே."

"வழக்கம்போல் அழுத்தம் குறைந்ததுன்னு எழுதியிருக்கீங்க. என்ன வழக்கம்?"

"அது எப்பவும் கொஞ்சம் குறையும்கா."

"எப்பவும் குறையுதுன்னா எங்கயோ எப்பவும் ஒழுகுதா?"

முணுமுணுத்துக்கொண்டே இறங்கிப் போனார். மறுநாள் நைந்துபோன ஒரு ரப்பர் வளையத்தை உங்கள் மேசையில் வைத்துவிட்டுப் போனார். அந்த வளையத்தை மாற்றியமைத்ததுதான் நம் கருவிகளின் பெயரை வெளியே கொண்டுபோனது. பழைய வளையம் இன்றும் உங்கள் சாப்பாட்டு டப்பாவின் மூடியை இறுக்கிப் பிடித்துக்கொண்டிருக்கிறது. மகளே, அது எங்கிருந்து வந்தது என்று இனி உங்களுக்குத் தெரியும்.

அறிவாளிகளின் எழுத்தெல்லாம் ஒரு பெண்ணின் கைவழியே இருபத்தாறு ஆண்டுகள் போய்க்கொண்டிருந்தது. எங்களில் ஒருத்தி, பதிவறையில் உங்கள் பக்கத்து மேசைக்காரி, ஒரு மழைநாளில் வேலை குறைவாக இருந்தபோது உங்களைக் கேட்டாள். "ஏன்கா, இத்தனை பேர் நோட்டைப் படிக்கிறீங்களே, உங்களுக்கா எதுவும் தோணவே தோணாதா?"

"தோணும்."

"அப்ப என்ன பண்ணுவீங்க?"

"நோட்டை மூடிட்டு ஒரு வாய் தண்ணி குடிப்பேன். சாட்சி உள்ள நுழையக் கூடாது."

அதைச் சொன்னபோது உங்கள் குரலில் வருத்தம் எதுவும் இல்லை. அதுதான் அவளைத் தொந்தரவு செய்தது. மனதில் எழுகிற ஒன்றை எழுந்த இடத்திலேயே உட்கார வைக்க ஒரு பெண்ணுக்கு எத்தனை ஆண்டுப் பழக்கம் வேண்டும்? அப்படி உட்கார வைத்தவை எல்லாம் எங்கே போயின? மாலையில் பேருந்தில் ஜன்னலோரம் உட்கார்ந்து வெளியே பார்த்துக்கொண்டு வருவீர்களே, அவை அப்போது உங்களோடு வந்தனவா? நாங்கள் கேட்டதில்லை. உங்கள் மேசையோரக் குடத்தில் தண்ணீர் குறைந்தபோதெல்லாம் ஏதோ ஒன்று எங்களுக்குக் கிடைக்காமல் போயிருக்கிறது என்று இப்போது தோன்றுகிறது.

நான்கு ஆண்டுகளுக்கு முன் மேல்தளத்துக்கு ஒரு சங்கடம் வந்தது. புதிய பெட்டிகளை முதலில் பேருந்து நிறுத்தத்துக்கு எதிரே இருக்கும் ரொட்டிக் கடையில் கொடுத்துப் பார்த்தோம். இரண்டாம் வாரம் கடைக்காரம்மா பெட்டிகளைத் துணிப்பையில் போட்டுக்கொண்டு நம் வாசலுக்கே வந்துவிட்டார்.

"உங்க பெட்டி ரெண்டு பேரை ஒண்ணாக்கிடுது. முன்னால நிக்கிறவர் வாங்கின ரொட்டிக்கு, பின்னால நிக்கிறவர் பணம் போகுது. நான் யார்கிட்ட திட்டு வாங்கறது?"

"யார்கிட்ட வாங்கறீங்க?" என்று வரவேற்பில் இருந்தவள் தெரியாத்தனமாகக் கேட்டுவிட்டாள்.

"ரெண்டு பேர்கிட்டயும்தான்!"

பெட்டி ஒருவர் பணத்தை வாங்கியதும் இரண்டு வினாடி கழித்து அடுத்தவருக்குத் தயாராகிவிடும். காலை நெரிசலில் முதல் ஆள் கையை எடுப்பதற்குள் பின்னால் நிற்கிறவர் தோளுக்கு மேலே போனை நீட்டுவார். பெட்டிக்கு யார் யாரென்று தெரியாமல் போகும். இரண்டு வினாடியை நான்காக்கினார்கள்; வரிசை தெருமுனை வரை நின்றது. ஒன்றாக்கினார்கள், ஒரே ஆளிடம் இரண்டு முறை பணம் போனது. இதை இன்னும் இரண்டு மாதத்தில் சரிசெய்யாவிட்டால் மேல்தளத்தையே மூடிவிடுவார்கள் என்று பேச்சு வந்தது.

அந்தப் பெட்டிக்குப் பொறுப்பான பொறியாளர், தோற்றுப்போன முயற்சிகளையும் நோட்டில் எழுதி உங்களிடம் கொண்டுவந்தார். அவர் யாரென்று சொல்லிவிட வேண்டும். இந்த மடலை இப்போது ஒலிவாங்கியில் வாசித்துக்கொண்டிருப்பவர்தான் அவர். இந்தப் பகுதியையாவது வேறு யாரிடமாவது கொடுங்கள் என்றோம். அவர்தான் விடவில்லை.

இரண்டு முறை புரியலை என்று திருப்பி அனுப்பினீர்கள். மூன்றாம் முறை பேச்சு இப்படிப் போனது.

"ரெண்டு வினாடின்னு வச்சிருக்கீங்களே தம்பி, ஏன் ரெண்டு?"

"கையை எடுக்க அவ்வளவு நேரம் போதும்கா."

"எடுக்கலைன்னா?"

"எடுத்துடுவாங்க."

"எங்க வீட்டுக்காரர் எடுக்க மாட்டார். பணம் போச்சா, போச்சான்னு பெட்டியையே பார்த்துக்கிட்டு நிப்பார்."

முன்வரிசையில் இருக்கும் அன்பருக்கு எங்கள் நன்றி. அவர் இல்லாவிட்டால் இந்தக் கண்டுபிடிப்பு இல்லை.

அப்போது நீங்கள் செய்ததை உங்கள் பக்கத்து மேசைக்காரி இன்றும் நினைத்துப் பார்க்கிறாள். தண்ணீர்க் குவளையை எடுக்கக் கை நீட்டினீர்கள். கை பாதியில் நின்றது. குவளையை விட்டுவிட்டுச் சாவியை எடுத்தீர்கள். "வாங்க தம்பி" என்று சொல்லிப் பதினேழு படிகளும் இறங்கி, ஓடிக்கொண்டிருந்த ஒரு பிரிப்புக் கருவியின் முன்னால் அவரை நிறுத்தினீர்கள்.

"இந்தக் கோட்டைப் பாருங்க. முதல் பொருள் வந்துட்டிருக்கு, இன்னும் முழுசா இறங்கலை. அதுக்குள்ள ரெண்டாவது ஏறப் பார்க்குது. இப்பவே சோதனைக் குழாயை மாத்திடலாமா?"

"கூடாதே. கோடு இறங்கணும்."

"கடிகாரத்தைப் பார்த்துக் குழாய் மாத்தின காலம் ஒண்ணு இருந்துச்சு. நான் பொடி நிறைச்ச காலம். எல்லாம் கலந்துதான் போகும். அப்புறம்தான் கோட்டைப் பார்த்து மாத்தக் கத்துக்கிட்டோம். உங்க பெட்டிக்கு மட்டும் ஏன் கடிகாரத்தைக் குடுத்திருக்கீங்க?"

கார்டு பக்கத்தில் வரும்போது பெட்டிக்குள்ளும் ஒரு கோடு ஏறுகிறது. கையை எடுக்கும்போது இறங்குகிறது. அது இறங்கிய பிறகுதான் அடுத்தவரைப் பார்க்க வேண்டும். நிதானமானவருக்கு ஐந்து வினாடி ஆகட்டும், அவசரக்காரருக்கு அரை வினாடி ஆகட்டும். திரையில் அந்தக் கோடு முழுதாக இறங்குகிறவரை பொறியாளர் பார்த்தார். பிறகு இரண்டிரண்டு படியாகத் தாவி ஓடினார். ஒரு செருப்பு ஒன்பதாம் படியில் கிடந்தது. நீங்கள்தான் எடுத்துக்கொண்டு போய்க் கொடுத்தீர்கள்.

மறுநாள் காலை அவர் அந்தப் பக்கத்தை எழுதிக்கொண்டு வந்தார். அழகான கையெழுத்து, தெளிவான படங்கள். "பிரிப்புக் கருவியைக் கவனித்தபோது எனக்குத் தோன்றியது" என்று தொடங்கியது. மேல்கட்டத்தில் அவர் பெயர். கீழ்க்கட்டம் உங்களுக்காகக் காலியாக இருந்தது. நீங்கள் மெதுவாகப் படித்தீர்கள். பேனாவின் மூடியைப் போட்டு இரண்டு முறை அழுத்தினீர்கள்.

"இதுக்கு நான் கையெழுத்துப் போட முடியாது தம்பி."

"புரியலையாக்கா?"

"நல்லாப் புரியுது. இதுல நான் இருக்கேன்."

அவ்வளவுதான். உங்கள் பெயரைச் சேர்க்கச் சொல்லவில்லை. யாரையும் குறை சொல்லவில்லை. அந்தப் பக்கம் பதினோரு நாள் கையெழுத்தில்லாமல் கிடந்தது. கீழ்க்கட்டம் நிறையாமல் காப்புரிமைக்கு விண்ணப்பிக்க முடியாது. மேலாளர் நேரில் வந்தார். "ஒரு கையெழுத்துத்தானேம்மா. இத்தனை வருஷத்துல எத்தனை ஆயிரம் போட்டிருப்பீங்க?" என்றார். "அதனாலதான் சார்" என்றீர்கள்.

அந்தப் பதினோரு நாளும் உங்களோடு உட்கார்ந்து சாப்பிட வந்தவர்கள் குறைவு. ஓய்வு பெறும் வயதில் இந்த அம்மாவுக்கு எதற்கு இந்த ஆசை என்று கைகழுவும் இடத்தில் ஒருவர் சொன்னது உங்கள் காதில் விழுந்தது. அவரும் இந்த மடலில் கையெழுத்திட்டிருக்கிறார். அவருடைய மன்னிப்பை அந்தக் கையெழுத்திலேயே கண்டுகொள்ளுங்கள். நீங்கள் எப்போதும்போல் எட்டு ஐம்பதுக்கு வந்து, ஜன்னலைத் திறந்து, மற்ற நோட்டுகளைப் படித்து, புரியலை என்று சொல்லிக்கொண்டிருந்தீர்கள். உள்ளே என்ன நடந்தது என்று எங்களுக்குத் தெரியாது. முப்பது வயதில் விட்டுக்கொடுப்பது ஒரு மாதிரி, ஐம்பத்து நான்கில் வேறு மாதிரி என்று மட்டும் தெரிகிறது.

பன்னிரண்டாம் நாள் அந்தப் பக்கத்தைப் பக்கத்து மேசைக்காரியிடம் கொடுத்து, நீ போடு என்றார்கள். அவள் பேனாவைத் திறந்தாள். உங்களைப் பார்த்தாள். நீங்கள் நோட்டுகளின் முதுகில் சீட்டு ஒட்டிக்கொண்டிருந்தீர்கள், நிமிரவில்லை. அவளுக்குத் தெரிந்த சாட்சி வேலை உங்களிடம் பார்த்தது மட்டும்தான். ஆகவே அதையே செய்தாள்.

"எனக்குத் தோன்றியதுன்னு எழுதியிருக்கீங்க. எப்படித் தோணிச்சு? புரியலை."

பொறியாளர் பொறுமையிழந்து சொல்லத் தொடங்கினார். "மூணாவது தடவையா அக்காகிட்ட வந்தேன். ஏன் ரெண்டு வினாடின்னு கேட்டாங்க. அப்புறம் சாவியை எடுத்துக்கிட்டுக் கீழ கூட்டிட்டுப் போனாங்க. கோட்டைக் காட்டி அக்காதான்..."

அங்கே நின்றுவிட்டார். பக்கத்தில் கிடந்த முக்காலியில் உட்கார்ந்தார். "அக்கா, திருடணும்னு எழுதலை. ஓடின வேகத்துல எனக்கே தோணின மாதிரி ஆயிடுச்சு" என்றார்.

"தெரியும் தம்பி," என்றீர்கள், சீட்டை ஒட்டிக்கொண்டே. "ரெண்டும் கிட்டகிட்ட வந்துச்சு. கோடு இறங்கலை, அவ்வளவுதான்."

புதுப் பக்கம் எழுதினார். மேல்கட்டத்தில் இரண்டு கையெழுத்துகள், முதலாவது உங்களுடையது. காப்புரிமையிலும் அதே வரிசைதான் இருக்கிறது. மேல்தளம் மூடப்படவில்லை. "இப்பதான் உங்க பெட்டிக்கு வரிசைன்னா என்னன்னு தெரிஞ்சிருக்கு" என்று ரொட்டிக் கடைக்காரம்மா சொல்லியனுப்பினார்.

அன்று மாலை வீட்டில் நடந்ததை உங்கள் கணவரிடமிருந்து கறந்துவிட்டோம். வேலை முடிந்து வந்த நீங்கள் செருப்பைக்கூடக் கழற்றாமல் அடுக்களைக்குள் போய் நின்றீர்களாம்.

"இன்னிக்கு ஒரு பக்கத்துல மேல கையெழுத்துப் போட்டேன்."

"மேலயா? மேலன்னா என்ன, கீழன்னா என்ன?"

"கீழ போட்டா படிச்சவ. மேல போட்டா யோசிச்சவ."

"நீ யோசிக்கிறவன்னு தெரிஞ்சுக்க அவங்களுக்கு இவ்வளவு வருஷம் ஆச்சா? கல்யாணமான ரெண்டாம் நாளே எனக்குத் தெரிஞ்சுபோச்சே" என்றாராம் அவர். அதைக் கேட்டு நீங்கள் சிரித்த சிரிப்பில் அடுப்பில் பால் பொங்கி வழிந்ததையும் சொன்னார். அவர் எங்களிடம் அதைச் சொன்னது இந்த மடலைப் படிக்கும்வரை உங்களுக்குத் தெரியாது. இனிமேல் அது உங்கள் இருவர் பாடு.

இந்த மடலின் முதல் வரைவை விழாக்குழு சென்ற வாரம் எழுதியது. அலங்காரம் மிகுந்தது. "எளிய பணியாளராய் இணைந்த தங்களுக்கும் கண்டுபிடிப்பாளர் என்னும் ஏற்றத்தை இந்நிறுவனம் உவந்து வழங்கியது" என்று ஒரு வரி அதில் இருந்தது. உங்களிடம் படித்துப் பார்க்கக் கொடுத்தோம். மாலையில் எங்கள் மேசைக்குத் திரும்பி வந்தது. "வழங்கியது" என்ற சொல்லுக்கு நேராக, ஓரத்தில், பென்சிலால், சின்ன எழுத்தில் ஒரு வார்த்தை: புரியலை.

அதனால்தான் மறுபடியும் எழுதினோம். அலங்காரம் குறைந்திருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் அன்பு அக்கா! இனி எட்டு ஐம்பது என்பது உங்களுக்கு வெறும் ஒரு நேரமாக இருக்கட்டும். எழுந்த எண்ணத்தைத் தண்ணீர் குடித்து அமர்த்த வேண்டிய தேவை இல்லாத காலைகள் வரிசையாக வரட்டும். கண் தெளிவும் கால் வலுவும் கடைசிவரை துணை நிற்க, இருமல் இல்லாத குளிர்காலங்களும் இடைஞ்சல் இல்லாத மதியங்களும் வாய்க்க, கேட்க ஆளிருக்கும் வீட்டில் தோன்றியதையெல்லாம் சொல்லிக்கொண்டு நெடுங்காலம் நலமாக வாழுங்கள்! வீட்டில் யார் எதை விளக்கினாலும் சட்டென்று புரிந்துவிட்டதாகச் சொல்லி அவர்களைப் பாழாக்கிவிடாதீர்கள்.

இந்த மடலுக்கும் நம் வழக்கப்படி இரண்டு கட்டங்கள் வரைந்தோம். மேல்கட்டத்தில் நாங்கள் எல்லோரும் கையெழுத்திட்டோம். கீழ்க்கட்டத்தில் உங்கள் கையெழுத்தோடு இதைச் சட்டம் போட வேண்டும் என்பது எங்கள் ஆசை. அந்தக் கட்டத்தில் நீங்கள் போடும் கடைசிக் கையெழுத்தாக அது இருக்கும். நேற்று மதியம் இதற்கு முந்தைய பத்தி வரைக்கும் எழுதிக்கொண்டு உங்கள் மேசைக்கு வந்தோம். படித்தீர்கள். ஓரிடத்தில் சிரித்தீர்கள், ஓரிடத்தில் ஜன்னலைப் பார்த்தீர்கள். மறுபடி முதலிலிருந்து படித்தீர்கள். பேனாவைத் திறந்தீர்கள். நாங்கள் மூச்சை அடக்கிக்கொண்டு நின்றோம். "படிச்சேன். எல்லாம் புரியுது" என்றீர்கள். பிறகு மூடியைப் போட்டு ஒரே ஒரு முறை அழுத்திவிட்டு, தாளை எங்கள் பக்கம் மெதுவாக நகர்த்தினீர்கள்.

"கையெழுத்து மட்டும் கேக்காதீங்க. இதுலயும் நான் இருக்கேன்."

மேல்கட்டம்: தரைத்தளத்தார், மேல்தளத்தார், பதிவறையார், அனைவரும்

கீழ்க்கட்டம்: